நான் பஸ்ஸை விட்டு இறங்கும் முன்

இன்று காலை சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் பின்வரிசை மூட்டை ஒன்றைப் பிரிக்கச் சொன்னேன். கட்டை அவிழ்த்ததும் அந்த வாடை வந்தது. நனைந்து, பிறகு அவசரமாகக் காய்ந்து, உள்ளே புழுங்கிப்போன மிளகாய் வத்தலின் வாடை. காரமும் புளிப்புமாக வரும். மூக்கில் ஏறாமல் தொண்டையில் போய் உட்காரும். மூட்டை தூக்குகிறவர்கள் தும்மிக்கொண்டே வெளியே ஓடினார்கள். நான் மட்டும் காலிச் சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு வத்தல் வாடையில் கண் கலங்காது. கலங்கியது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. நாம் பிரிந்திருந்த நாட்கள் எல்லாம் நான் சரக்குப் பிடிக்கப் போன நாட்கள். போன இடத்திலிருந்து எழுதியிருந்தாலும் வானத்தைப் பற்றியும் வத்தலைப் பற்றியும்தான் எழுதியிருப்பேன். நீ போய் வருஷம் திரும்பித் திதியும் கொடுத்தாயிற்று. பையன் பெங்களூரிலிருந்து வந்தான், இரண்டு நாள் இருந்தான், போய்விட்டான். இதை எழுதி எங்கே அனுப்புவது என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. ஆனால் நம் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பேச்சு முடியாமல் நிற்கிறது. பாதியில் நிற்கும் பேச்சை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அது உனக்கும் தெரியும்.

மதுரை ஆஸ்பத்திரியில் உன் பக்கத்துக் கட்டிலில் ஒரு டீச்சர் இருந்தார்களே, அவர்கள் ஆரம்பித்த பேச்சு. ரிட்டயர் ஆன பிறகும் வகுப்பு எடுக்காமல் இருக்க முடியவில்லை அவர்களுக்கு. ஒரு நாள் காலை, டாக்டர் வந்து போன பிறகு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்கள்.

"செத்ததுக்கு அப்புறம் எல்லாம் அழிஞ்சு போயிருமாம். ஒண்ணே ஒண்ணுதான் கூட வருமாம். ஒரு நாளு, இல்ல அந்த நாளில ஒரு துண்டு. அது எதுன்னு நாமளே சொல்லிரணுமாம். ஒவ்வொருத்தரா சொல்லுங்க பாப்போம்."

டீச்சர் தன்னுடையதை முதலில் சொன்னார்கள். மகள் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த நாளாம். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த புதூர்ப் பக்கத்துக் கிழவி, ஆயுசு முழுக்க ஆடு மேய்த்தவள், "எனக்கு ஒண்ணும் வேண்டாம் தாயி. மிச்சம் மீதி இல்லாம அழிச்சு விட்டாப் போதும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். பிறகு டீச்சர் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க, அண்ணாச்சி?"

நான் யோசிக்கவே இல்லை. கடை திறந்த நாள் என்று சொன்னேன். வாடகைக் கொட்டகையில் கிடந்தவன் மெயின் பஜாரில் சொந்தமாகக் கதவு வைத்த கடை திறந்த நாள். பெயர்ப் பலகையில் பெயின்ட் காயவில்லை, தொட்டுப் பார்த்து விரலில் ஒட்டிக்கொண்டது. என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிய பெரிய வியாபாரிகள் எல்லாம் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது என் குரல் ஏறியிருக்க வேண்டும். நீ தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாய்.

"அன்னைக்கு நான் எங்க இருந்தேன், தெரியுமா?"

"வீட்டுலதான்."

"வீட்டுல எங்க?"

எனக்குத் தெரியவில்லை.

"அடுப்படியில. வந்தவங்களுக்கு எல்லாம் சாப்பாடு அங்கனதான ஆச்சு. நீங்க கடை திறந்ததை நான் பாக்கவே இல்ல. மறுநாள் போட்டோவுலதான் பாத்தேன். அதுலயும் பாதிப் பேரு தலை மறைச்சிருந்துச்சு." நீ குற்றமாகச் சொல்லவில்லை. விவரமாகத்தான் சொன்னாய். பிறகு, "நான் என்னோடதைச் சொல்லட்டா? சரக்கு நனைஞ்ச நாளு" என்றாய்.

நீ கேலி பேசுகிறாய் என்று நினைத்தேன். நம் வாழ்க்கையில் நான் மறந்துவிட நினைக்கும் நாள் ஒன்று உண்டென்றால் அது அந்த நாள்தான். அதைப் போய் எவளாவது எடுத்துக்கொண்டு போவாளா?

டீச்சருக்காக நீ முதலிலிருந்து சொன்னாய். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டேன். எனக்குத் தெரிந்த கதைதான் என்று நினைத்துக்கொண்டு.

அப்போது நாம் ஊருக்குக் கிழக்கே, தெருக் கடைசி ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். பின்னால் பெரிய கரிசல் பொட்டல். காய்ந்த வத்தலாக வாங்கி விற்றால் என் போன்ற ஆளுக்கு ஒன்றும் நிற்காது. காட்டிலேயே பழமாக வாங்கி நாமே காயப்போட வேண்டும் என்று அந்த வருஷம் துணிந்து இறங்கியிருந்தேன். பொட்டல் முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது. மூன்று நாள் வெயில் காய்ந்தால் போதும். அந்த நேரத்தில் விளாத்திகுளம் பக்கம் இன்னும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு நான் கிளம்பினேன். கிளம்பும்போது உனக்கு ஒரு பாடம் சொன்னேன். "மேக்கே மட்டும் பாத்துக்கோ. கோடை மழை மேக்கே இருந்துதான் வரும். கிழக்கே கறுத்தா அது சும்மா பாவலா. அதைப் பாத்துட்டு சரக்கை அள்ளிக்கிட்டு இருக்காத." சொல்லிவிட்டு, வாங்கப்போகும் சரக்கை மூடுவதற்கென்று வீட்டில் இருந்த ஒரே தார்ப்பாயையும் சுருட்டி எடுத்துப் போனேன்.

"அவிய சொன்ன மாதிரியே நான் மேக்கேயே பாத்துக்கிட்டு நின்னேன், டீச்சர்" என்றாய். "மழை என் முதுகுல விழுந்துச்சு."

டீச்சர் சிரித்த சிரிப்பில் அவர்களுக்கு இருமல் வந்துவிட்டது.

நீ தனியாகத்தான் வாரினாய். தெருவில் பகலில் ஆள் ஏது? அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். விடியும் முன்பே கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவார்கள். கல்யாணமாகி வந்த ஐந்து வருஷமும் பகலெல்லாம் நீ யாரோடு பேசினாய் என்று நான் கேட்டதில்லை. ஆனால் மழை வந்தால் ஆபீசில் குச்சியில் மருந்து காயாது, பெட்டியில் தாள் ஒட்டாது. வானம் மூடினால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். என் சரக்கை நனைத்த மழைதான் உனக்கு ஆள் கொண்டுவந்தது. இது எனக்கு ஆஸ்பத்திரியில் நீ சொல்லித்தான் உறைத்தது.

"பேச்சியக்காதான் முதல்ல பாத்தா. 'ஏட்டி, ஒத்தையில என்னட்டி செய்யுத?'ன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தா. பின்னாலேயே அம்புட்டுப் பேரும். கரிசல் மண்ணு, ஈரம் பட்டுருச்சு, ஒவ்வொரு காலும் ஒரு மரக்கா மண்ணைத் தூக்கிட்டு வருது. ஒருத்தி விழ, அவளைத் தூக்கப் போனவ விழ. எப்படியோ நடுப் பொட்டல்ல குமிச்சுட்டோம். மூடத்தான் ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு ஓடிப் போய் ஆளுக்கு ஒரு சேலையை எடுத்துட்டு வந்தாளுக. பேச்சியக்கா கல்யாணச் சேலையைக் கொண்டுட்டு வந்துட்டா. 'இது ஏன்க்கா?'ன்னா, 'அதுதாம்ட்டி கெட்டிச் சேலை, தண்ணி இறங்காது'ங்கா. பத்துப் பன்னெண்டு சேலை. பச்சை, மஞ்சள், ஊதா. மேல கல்லு. சுத்தி நாங்க."

மழை விட்டதும் எல்லாருக்கும் பசி. நீ உலை வைத்தாய். தப்பிய வத்தலில் நாலு கைப்பிடி எடுத்துச் சுட்டு, உப்பும் சின்ன வெங்காயமும் வைத்து இடித்து, நல்லெண்ணெய் விட்டு, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தாய். தட்டுப் பற்றாமல் இரண்டு பேருக்கு ஒரு தட்டு. காரம் தாங்காமல் ஊதிக்கொண்டும் ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டும் அப்படியே ஈரத்தோடு பொட்டலில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"அம்புட்டுதான். அது வந்தாப் போதும் எனக்கு" என்று முடித்தாய்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "அதுல நான் எங்க?"

"நீங்க ஊர்ல இல்லல்லா."

"சாயங்காலம் வந்துட்டேனே."

"அது வேண்டாம்." கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாய். "நீங்க பஸ்ஸை விட்டு இறங்குறதுக்கு முந்தி வரைக்கும் போதும்."

டீச்சர் மருந்துச் சீட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். நான் விடவில்லை. வியாபாரத்தில் படியாத பேரத்தைக்கூட விட்டுவிட்டு எழுந்திருப்பேன், அன்றைக்கு முடியவில்லை. "அப்போ என்னோடதுல நீ இல்ல, உன்னோடதுல நான் இல்ல. அங்கன போனா ஒருத்தரை ஒருத்தர் தெரியாதே" என்றேன்.

"தெரியாதுதான்" என்றாய். பிறகு சிரித்தாய். "நல்லதாப் போச்சுன்னு வச்சுக்கோங்க. யாரோ புதுசுன்னு நெனச்சு மரியாதையாப் பேசுவீங்க."

அதற்குப் பத்து நாள் கழித்து நீ போனாய். போவதற்கு முந்தின நாள் காலை, முகத்தில் மாஸ்க்கோடு கிடந்த உன் காதருகே குனிந்து, "நான் மாத்திக்கிடுதேன். கடை திறந்த நாளு வேண்டாம்" என்றேன். நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். "வேற எது?" என்று அந்தப் பார்வை கேட்டது. என்னிடம் பதில் தயாராக இல்லை. எந்தக் கூட்டத்திலும் பதில் இல்லாமல் நின்றதில்லை நான். நர்ஸ் வந்து வெளியே இருக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் நம் பேச்சு.

ஒரு வருஷமாகத் தேடுகிறேன். நீ இருக்கிற நாள் ஒன்று வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, உன் முகம் தெரிய வேண்டும். சொன்னால் நம்ப மாட்டாய், அப்படி ஒன்று அகப்படுவது சுலபமாக இல்லை. பையனுக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போனோமே, அதை எடுத்துப் பார்த்தேன். ரயில் கடம்பூரில் நின்றது. போளி வாங்கித் தரச் சொன்னாய். வாங்கிக் கொடுத்தேன். சூடாக இருக்கிறது என்று முந்தானையில் வைத்துப் பிடித்துக்கொண்டாய். இது வரைக்கும் இருக்கிறது. நீ தின்றதை நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் பிளாட்பாரக் கடைசியில் யாரோ பருத்திப் பொதி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொதிகளின் கட்டு, சாக்கின் நிறம், ஒன்றில் தையல் பிரிந்து பஞ்சு தெரிந்தது, எல்லாம் இன்றைக்கும் சொல்வேன். மணியாச்சியில் வண்டி வெகுநேரம் நின்றது. நீ என்னவோ கேட்டுக்கொண்டே வந்தாய். நான் 'ம்' போட்டேன். என்ன கேட்டாய்?

இப்படித்தான் ஒவ்வொரு நாளும். பையன் பிறந்த நாளை எடுத்தால் அன்றைக்குக் கொத்தமல்லி விலை பேச வந்த ஆள் முகம் தெரிகிறது. உன் தங்கை கல்யாணத்தை எடுத்தால் பந்தலில் நான் பேசி முடித்த உளுந்து வியாபாரம் நினைவுக்கு வருகிறது. நீ எல்லா நாளிலும் இருக்கிறாய். கதவு, ஜன்னல் மாதிரி இருக்கிறாய். கதவின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

ஆக, திரும்பத் திரும்ப அந்த ஒரு நாளுக்கே போக வேண்டியிருந்தது. நீ வெட்டி எறிந்த பாதிக்கு. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உன்னிடமாவது சொல்ல வேண்டும்.

விளாத்திகுளத்தில் சரக்குப் படியவில்லை. பஸ்ஸிலேயே மழையைப் பார்த்துவிட்டேன். வழியெல்லாம் கரிசல் கறுத்துப் பளபளத்துக் கிடந்தது. தார்ப்பாய் என் மடியில் இருந்தது. சுருட்டியபடி, ஒரு துளி ஈரம் படாமல். கிழக்கிலிருந்து வந்த மழை என்பதும் தெரிந்துவிட்டது. தப்பு யாருடையது என்பதை நான் நம் ஊருக்கு வருமுன்பே அறிந்திருந்தேன். அறிந்துகொண்டுதான் இறங்கினேன். தப்புச் செய்த வியாபாரி முதலில் செய்கிற காரியம் அதை இறக்கிவைக்க ஒரு ஆள் தேடுவதுதான். பொட்டலுக்குத் திரும்பியதும் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் சரக்கு சேற்றில் கிடக்கிறது, நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆள் கிடைத்துவிட்டது.

"இங்க என்ன கூத்தா நடக்குது?" என்று கத்தினேன். "உங்க அப்பன் வீட்டுச் சரக்கா இது? தெருவுல கிடக்குற கழுதைகளை எல்லாம் கூட்டி வச்சு ஆக்கிப் போடுதியோ?" குவியலின் ஓரத்தில் கைவைத்து ஒரு பிடி எடுத்தேன். சேறும் மிளகாயும் சேர்ந்து கூழாக வந்தது. அதை உன் காலடியில் எறிந்தேன். மேலே கிடந்த சேலையை இழுத்தேன். அது பேச்சியக்காவின் சேலை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இழுத்திருப்பேன், பொய் சொல்வானேன். சேற்றில் போய் விழுந்தது. ஒவ்வொருத்தியாக வந்து, கல்லை எடுத்து வைத்துவிட்டு, தன் தன் சேலையை உருவிக்கொண்டு போனாள். கடைசியில் நீயும் நானும் குவியலும் மட்டும் நின்றோம். "மேக்கே பாருன்னு நீங்கதான சொன்னீங்க?" என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, மதுரை ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்கவில்லை.

மறுநாள் வெயில் வந்த பிறகு குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே உலர்ந்து கிடந்தது. ஓரம்தான் போயிருந்தது. முக்கால்வாசிச் சரக்கை அந்தப் பன்னிரண்டு சேலைகள் காப்பாற்றியிருந்தன. ஒரு குவியலை ஓரத்தில் ஒரு பிடி எடுத்துப் பார்த்து முடிவு செய்கிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லாதவன். நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் இதை. உள்ளே உலர்ந்திருந்ததை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. வெயில்தான் காப்பாற்றியது என்று ஊரில் சொன்னேன்.

அந்த வருஷமே பஜாரில் கிட்டங்கிக்கு மேலே மாடி வீட்டுக்குக் குடி போனோம். வசதி என்றுதான் சொன்னேன். தெருப் பெண்களின் முகத்தில் முழிக்க எனக்கு முடியவில்லை என்பதே உண்மை. அவர்கள் நம் படி ஏறவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நீ அந்த மாடியில் இருந்தாய். கீழே லாரி, எதிரே சுவர். மழை பெய்தால் மட்டும் ஜன்னலோரம் போய் நிற்பாய். துணி நனைகிறதா என்று பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

திதி முடிந்த மறுவாரம் பேச்சியக்காவைப் பார்க்கப் போனேன். அதே தெரு, அதே வீடு. பொட்டலில் வீடுகள் வந்துவிட்டன. அவர்கள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வீங்கியிருந்தது.

"யாரு, அண்ணாச்சியா? வழி தவறி வந்துட்டீங்களோ?"

"உங்களைப் பாக்கத்தான்."

"உட்காருங்க. பயப்படாதீங்க, இப்போ சிமிண்டு போட்டாச்சு. சேறு ஒட்டாது."

உட்கார்ந்தேன். "உங்க சேலையைச் சேத்துல போட்டது நான் செஞ்ச தப்பு" என்றேன்.

"அதுக்கா வந்தீங்க, இம்புட்டு வருசம் கழிச்சு? வேற சேலைதான் வாங்கிக் குடுத்து விட்டீங்களே."

"நீங்க திருப்பி விட்டுட்டீங்க."

"பின்னே? புதுச் சேலையில என் கல்யாணம் எங்க இருக்கு?" முறத்தை ஒரு தட்டுத் தட்டினார்கள். "அவ மேல எங்களுக்குக் கோவம் இல்ல. மார்க்கெட்டுல பாத்தா சிரிப்பா. நின்னு பேச மாட்டா. 'அவிய ஏசுவாங்க அக்கா'ம்பா. அம்புட்டுதான் அவளுக்கும் எங்களுக்கும்."

நான் ஏசியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏசியிருப்பேன். அதனால் வந்த காரியத்தைக் கேட்டேன். "அன்னைக்கு நான் வரும்போது எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. எதுக்குச் சிரிச்சீங்க?"

"ஏன், அதுக்கு இன்னும் ஏசணுமா? அவதான் போய்ச் சேந்துட்டாளே."

"ஏச இல்ல. எனக்குத் தெரியணும்."

என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு முறத்தை ஓரமாக வைத்தார்கள். சுவரைப் பிடித்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே எழுந்தார்கள். சேலைக் கொசுவத்தைத் தூக்கி, வேட்டி கட்டுகிற மாதிரி இடுப்பில் சொருகினார்கள். தொண்டையை இரண்டு தரம் செருமினார்கள். அந்தச் செருமலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் செருமல்.

"இப்படித்தான் நடந்து வந்தா உங்க பொண்டாட்டி. நெஞ்சை நிமித்திக்கிட்டு. சேத்துல ஒரு காலு வழுக்குது, அப்பவும் நெஞ்சு குனியல. வந்து குவியல் பக்கத்துல குத்த வச்சு உட்கார்ந்தா. சேத்துக்குள்ள கையை விட்டு ஒரு மொளகாயை எடுத்தா. தண்ணி சொட்டுது. அதைக் காதுகிட்ட வச்சுக் குலுக்குதா, அண்ணாச்சி. விதை சத்தம் கேக்குதாம்! கண்ணை மூடிக் கேக்குதா. ஒடிச்சு மோந்து பாக்குதா. அப்புறம் மூஞ்சியைச் சுருக்கி, 'சரக்கு நல்லா காஞ்சிருக்கு அண்ணாச்சி. இருந்தாலும் கொஞ்சம் ஈரம் நிக்குதே'ன்னா."

பேச்சியக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "உலகமே நனைஞ்சு கிடக்கு. எங்க தலையில இருந்து தண்ணி ஊத்துது. இவ 'கொஞ்சம் ஈரம் நிக்குதே'ங்கா. கஞ்சி மூக்குல ஏறிருச்சு எங்களுக்கு. ஒருக்கா இல்ல, நாலு தடவை செய்யச் சொன்னோம். நாலாவது தடவை செஞ்சுக்கிட்டு இருக்கும்போதுதான் நீங்க வந்தீங்க."

பயிர் வைத்த சம்சாரி எவ்வளவு நன்றாகக் காயப்போட்டுக் கொண்டுவந்தாலும், காய்ந்ததா என்று காதருகே குலுக்கி விதைச் சத்தம் கேட்டுவிட்டு நான் சொல்லும் வாசகம் அது. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பேன். நீ பக்கத்தில் நின்று கேட்டதாகவே எனக்கு நினைவில்லை. என் தந்திரம் முழுவதும் உனக்குத் தெரிந்திருக்கிறது. செருமல் உட்பட. நான் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்த காலத்தில் நீ என்னை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாய்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நீ எடுத்துப் போன துண்டில் நான் இருக்கிறேன் என்று தெரிந்தது. கணவனாக இல்லை, கேலியாக இருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஈரம் நிற்கிறது என்று பொய் சொல்லித் திரிந்தவனாக இருக்கிறேன். நம் வாழ்க்கையில் நான் உன்னைச் சிரிக்கவைத்தது அந்த ஒரு தடவைதான் போல. அதுவும் நான் ஊரில் இல்லாதபோது.

ஆனால் பேச்சியக்கா நடித்துக் காட்டிய பிறகு, அந்த நாளில் எனக்கு ஒன்று திரும்பக் கிடைத்தது. முள்வேலியைச் சுற்றிப் பொட்டலுக்குள் திரும்பியதற்கும் நான் வாயைத் திறந்ததற்கும் நடுவே பத்து எட்டு நடை இருக்கும். அந்தப் பத்து எட்டிலும் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறேன். நடுவில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாய். கன்னத்தில் சேறு. கை காதோரம் இருக்கிறது. காது குடைகிறாய் என்று அன்றைக்கு நினைத்தேன். மூடியிருந்த கண்ணைத் திறக்கிறாய், என்னவோ சொல்கிறாய், சுற்றி இருப்பவர்கள் விழுந்து சிரிக்கிறார்கள், உனக்கே அடக்க முடியாமல் பல் தெரிகிறது. அப்புறம் என்னைப் பார்க்கிறாய். சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் வாயில் நின்றது, கண்ணில் இன்னும் கொஞ்சம் இருந்தது, எழுந்து நின்று கொசுவத்தை உருவி விடும்போதுதான் அதுவும் போனது. நாற்பது வருஷத்தில் உன் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அந்தப் பத்து எட்டு தூரம்தான். அதையும் குற்றவாளியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன்.

டீச்சர் சொன்னது கதையாக இருக்கலாம். செத்தால் எல்லாம் மண் என்றுதான் என் புத்தி சொல்கிறது. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு மாஸ்க்குக்கு மேலே நீ கண்ணால் கேட்டாயே, அதற்குப் பதில் இது: அந்தப் பத்து எட்டு. உன்னை மாதிரி சுத்தமாக வெட்டி எடுக்க எனக்கு வழியில்லை. நீ சிரிக்கிற மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடலாம் என்று பார்த்தேன். வரவில்லை. சிரித்த முகத்தோடு அது அணைந்ததும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்படியே எடுத்துக்கொள்கிறேன். உன் முகம் என்று என்னிடம் வேறு இல்லை.

உனக்கு என்னைத் தெரியாமல் போகாது என்று இப்போது நம்புகிறேன். என் நடையும் செருமலும் உன் உடம்பிலேயே இருக்கின்றன. அங்கே, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வருவது தெரிந்தால் எழுந்திருக்காதே. பெண்களைப் போகச் சொல்லாதே. நான் பத்து எட்டுக்கு முன்னாலேயே நின்றுகொள்வேன். வாயைத் திறக்க மாட்டேன். நீ நடித்து முடி.